அவளுக்கு வேறென்ன வழி இருந்தது?
கதாபாத்திரத்தையும் கருப்பொருளையும் ஆராயும் முறை

‘இக்கதையில் வரும் பாத்திரத்தின் பண்புகளை விளக்குக’ என்று கேட்டால் நம் மாணவர்கள் உடனே அடைமொழிகளை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பொறுமைசாலி, கோபக்காரன், தியாகி, சுயநலமி. ‘கருப்பொருள் யாது?’ என்றால் வறுமை, சுரண்டல், பெண்ணடிமை என்று ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது. புள்ளிகளும் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அந்த விடைத்தாளிலிருந்து கதையின் பெயரை அழித்துவிட்டு வேறொரு கதையின் பெயரை எழுதினாலும் விடை பொருந்தும். எந்தக் கதைக்கும் பொருந்தும் விடை அந்தக் கதையைப் பற்றிய விடை ஆகாது.

இந்த அத்தியாயம் அடைமொழிக்குப் பதிலாக ஒரு கேள்வியைத் தருகிறது: அந்த நேரத்தில், அந்த இடத்தில், அந்த மனுஷிக்கு வேறென்ன வழி இருந்தது? இருந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். அவள் எதை எடுத்தாள், அதற்கு என்ன விலை கொடுத்தாள், மற்ற வழிகளை அடைத்து வைத்தவர் யார் என்று தேடுங்கள். பாத்திரத்தின் குணம் அந்தத் தெரிவில்தான் வெளிப்படுகிறது. வழிகளை அடைத்தவரைத் தேடிப் போகும்போது கருப்பொருள் கைக்கு வருகிறது.

இதைப் பழகுவதற்குக் கண்டியின் ஹந்தானை மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மலையின் ஒரு பக்க அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஈழத்துத் தமிழ்த் திறனாய்வின் பெரும்பகுதி அங்கே படித்தவர்களாலும் கற்பித்தவர்களாலும் உருவானது. அதே மலையில் தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் உள்ளன. பழைய ஹந்தானைத் தேயிலை ஆலை இன்று தேயிலை அருங்காட்சியகம். அங்கே பழைய இயந்திரங்களைப் பார்க்கலாம், லூல்கந்துரையில் 1867 இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரைப் பற்றி அறியலாம். அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்த பெண்களைப் பற்றி அறிய மலையகக் கதைகளிடம்தான் போகவேண்டும்.

ஒரு பயிற்சி

கீழே உள்ள பத்தி பயிற்சிக்காக நானே எழுதியது. முதலில் ஒரு தடவை நிறுத்தாமல் வாசியுங்கள்.

“மூன்றாம் நிறுவைக்குச் செல்லம்மா கடைசியாக வந்தாள். கணக்கப்பிள்ளை தராசை நிமிர்ந்தும் பார்க்காமல் இரண்டு கிலோ கழித்து எழுதினார். ‘ஈரம்’ என்றார். அன்று மழையே இல்லை. செல்லம்மா இடுப்புப் படங்கை அவிழ்த்து உதறி மடித்தாள். பின்னால் நின்ற மகள் வாயெடுத்தாள். தாய் அவள் காலை மெல்ல மிதித்தாள். லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் வந்தபிறகுதான் சொன்னாள்: ‘அண்ணனுக்குப் பேர் பதியச் சொல்லிக் கேட்டிருக்குடி.’”

வகுப்பில் இதைக் கொடுத்தால் முதலில் வரும் விடை ‘செல்லம்மா பயந்தவள்’ என்பதுதான். கொஞ்சம் இரக்கமுள்ள மாணவர் ‘அடக்கமானவள்’ என்பார். இப்போது வழிகளை எண்ணுவோம். அவள் கணக்கப்பிள்ளையிடம் மழை பெய்யவில்லையே என்று கேட்டிருக்கலாம். சங்கத் தலைவரிடம் போயிருக்கலாம். மகள் கேட்கட்டும் என்று விட்டிருக்கலாம். எல்லாமே இருந்த வழிகள்தாம். ஆனால் மகனுக்குத் தோட்டத்தில் பேர் பதிவதில் இதே மனிதரின் சொல்லுக்கும் எடை உண்டு. இரண்டு கிலோவைக் கேட்டு வாங்கினால் ஒரு பிள்ளையின் வேலை போகலாம். அவள் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டாள். பயமும் அதற்குள் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அவளைப் பயந்தவள் என்று மட்டும் எழுதினால் அந்தக் கணக்கை நாம் பார்க்காமல் விட்டவர்கள் ஆகிறோம்.

அடுத்து, காலை மிதித்ததைப் பாருங்கள். இந்தப் பத்தியின் கனமான வரி அதுதான். தாய் தான் வாய்மூடியதோடு நிற்கவில்லை, மகளுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கிறாள். அதேவேளை காரணத்தையும் மறைக்கவில்லை. யாரும் கேட்காத இடத்துக்கு வந்ததும் சொல்லிவிடுகிறாள். ஆக, இந்தப் பத்தியின் கருப்பொருளைச் ‘சுரண்டல்’ என்று எழுதுவது போதாது. ‘நாளைய வேலையைப் பணயமாக வைத்து இன்றைய கூலி பறிக்கப்படும் இடத்தில், தாய் மகளுக்கு மௌனத்தையும் அதன் காரணத்தையும் சேர்த்தே கொடுக்கிறாள்’ என்று எழுதலாம். நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வேறொரு கதையின் கீழ் எழுத முடியாது.

கணக்கப்பிள்ளையையும் விடாதீர்கள். தராசைப் பார்க்காமல் எழுதும் அவருக்கு மேலே யார் இருக்கிறார், அவருக்கு என்ன இலக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பத்தி சொல்லவில்லை. சொல்லாததை நாமாக இட்டுக்கட்டக் கூடாது. ஆனால் ‘கெட்டவர்’ என்று முடித்துவிடுமுன் அந்தக் கேள்வியைக் குறித்து வையுங்கள். முழுக் கதையாக இருந்தால் வேறொரு பக்கத்தில் விடை கிடைக்கக்கூடும்.

வாசிக்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

வழிகளை எண்ணுவதற்கு அந்த வாழ்க்கையின் விதிகள் தெரிந்திருக்க வேண்டும். மலையகக் கதையானால் நான்கு விஷயங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: வீடு, கூலி, நேரம், கடதாசி.

வீடு என்றால் லயத்துக் காம்பரா. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று பொதுவாகச் சொல்லப்படும் ஒரே அறையும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் (திண்ணை). அது தோட்டத்துக்குச் சொந்தம், வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் கூரையும் போகும். இதை அறியாமல் சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலைத் திறந்தால், தோட்டத்தில் சங்கம் அமைக்க முன்வருபவன் எதைப் பணயம் வைக்கிறான் என்பது புரியாது. நகரத்தில் வேலை இழப்பவனுக்கு மாலையில் திரும்பிப்போக வாடகை வீடாவது இருக்கும். இவனுக்கு அதுவும் இல்லை.

கூலி என்றால் பேர். அன்றைக்குக் குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி வந்தது 1984 இல்தான். அதற்கு முந்திய கதை ஒன்றில் பெண் கூடுதலாக உழைத்தும் குறைவாக வீட்டுக்குக் கொண்டுவந்தால், அது கதாசிரியரின் கற்பனையன்று, அன்றைய சட்டமே அப்படித்தான் இருந்தது. பல தோட்டங்களில் அவள் சம்பளத்தைக் கணவனே கையெழுத்திட்டு வாங்கும் வழக்கமும் இருந்தது.

நேரத்தைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. விடியற்காலைப் பெரட்டு (ஆள்கணக்கெடுப்பு), நிறுவை நேரங்கள், பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு எடுக்கும் நேரம். கதையில் ஒருத்தி தாமதமாக வருகிறாள் என்றால் எந்த மணிக்குத் தாமதம் என்று பாருங்கள்.

கடதாசி என்பதுதான் எல்லாவற்றிலும் பெரியது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றார்கள். தலவாக்கலையில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டே, 1948 குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தார்கள். 1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் முடிவுசெய்தது. மீதி 1,50,000 பேரின் தலைவிதி 1974 இல் இரண்டாகப் பங்கிடப்பட்டது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மக்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பேர். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

ஆகவே, மலையகக் கதையைக் கையில் எடுத்ததும் முதலில் அது எந்த ஆண்டில் நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள். 1963 இல் ஒரு பெண் பக்கத்து லயத்துப் பையனைக் கட்டிக்கொள்வதும் 1968 இல் கட்டிக்கொள்வதும் ஒரே முடிவன்று. இரண்டாவது முடிவில், எந்தக் குடும்பம் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறது என்ற கேள்வி அவளுடைய காதலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டு கதைகள், இரண்டு தூரங்கள்

இப்போது முறையை உண்மையான படைப்புகளில் பயன்படுத்திப் பார்ப்போம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1930களில் எழுதப்பட்டது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறாள். அங்கே அவளுடைய உழைப்போடு உடலும் சூறையாடப்படுகிறது. இலங்கைக்கு வந்திராத புதுமைப்பித்தன் இந்தக் கதையை ஊரிலிருந்து தொடங்கினார். அதனால் அவருக்குக் கிடைத்த பலம் பெரியது: மருதி ஏன் கப்பலேறினாள் என்பதை அவர் காட்டுகிறார். தோட்டம் கொடியது என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அவளை அங்கே துரத்திய ஊரும் கொடியது என்கிறார். சாதியும் பண்ணையும் ஊரில் எல்லா வழிகளையும் அடைத்த பிறகே தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் வார்த்தை அவளுக்கு வழியாகத் தெரிகிறது. மருதியை ‘ஏமாந்தவள்’ என்று எழுதும் மாணவர் கதையின் முதற்பகுதியை வாசிக்கவில்லை என்றே சொல்வேன்.

தெளிவத்தை ஜோசப் 1934 இல் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவருடைய ‘நாமிருக்கும் நாடே’ தொகுதியில் ‘மீன்கள்’ என்றொரு கதை உண்டு. லயத்தின் ஒரே காம்பராவில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் படுத்துறங்கும் குடும்பம். இருட்டில், மனைவி என்று எண்ணித் தகப்பனின் கை மகள்மீது பட்டுவிடுகிறது. கதை அந்தக் குற்றவுணர்வைச் சுற்றி எழுகிறது.

இந்தக் கதையை வகுப்பில் எடுக்கப் பல ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் எடுக்கவேண்டும். ஏனென்றால் அடைமொழி முறை முற்றாகத் தோற்றுப்போகும் இடம் இதுதான். அந்தத் தகப்பனுக்கு எந்த அடைமொழியைக் கொடுப்பீர்கள்? காமுகன் என்றால் பொய். அப்பாவி என்றால் மகளின் அதிர்ச்சிக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. ‘வேறென்ன வழி இருந்தது’ என்ற கேள்வி மட்டுமே இங்கே உதவும். இன்னொரு காம்பரா கேட்கலாம், ஆனால் கொடுப்பது தோட்ட நிர்வாகம். வெளியே வீடு கட்டலாம், காணி இல்லை. மனைவியோடு வாழாமல் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு மனிதனிடம் கேட்கக்கூடாத ஒன்றை அந்தச் சுவர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தன என்பது அப்போது விளங்கும். இந்தக் கதையில் குற்றவாளி ஓர் அறையின் அளவு. அந்த அளவைத் தீர்மானித்தவர்கள் கதைக்கு வெளியே இருக்கிறார்கள்.

இங்கே இன்னொரு வேலையும் இருக்கிறது. கதை யாருடைய மனத்துக்குள் நம்மை அதிக நேரம் வைத்திருக்கிறது என்று பாருங்கள். தகப்பனுக்கு எத்தனை பத்தி, தாய்க்கு எத்தனை, மகளுக்கு எத்தனை? பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வாசித்தால் இது ஒரு மணி நேர வேலை. பிறகு, ‘மகள் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால்?’ என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மூலக்கதையின் மதிப்பு அதனால் குறையாது. ஆசிரியர் எந்த வலியைத் தேர்ந்து சொன்னார் என்பது தெளிவாகும்.

தொலைவிலிருந்து எழுதியவர் வந்த வழியைக் காட்டினார், உள்ளேயிருந்து எழுதியவர் அறையைக் காட்டினார். இரண்டையும் சேர்த்து வாசிக்கும் மாணவருக்கே தோட்டம் முழுதாகத் தெரியும்.

ஒரே பாத்திரம், பல சமூகங்கள்

ஹந்தானையிலிருந்து இறங்கிக் கண்டி நகருக்குள் போனால் தலதா மாளிகைக்கு அருகே பத்தினி தேவாலயம் இருக்கிறது. நம் கண்ணகியே அங்கே பத்தினித் தெய்வம். எசல பெரஹராவில் தேவாலயங்களின் ஊர்வலங்களில் இறுதியாக வருவது பத்தினியுடையது, பெண்கள் ஆடிவருவதும் அதில்தான். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம், கண்ணகிக்குச் சேரன் எடுத்த விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்ததாகச் சொல்கிறது. சிங்கள மரபில் அவள் மாங்கனியில் பிறந்தவள், அவளுடைய கணவன் பெயர் பாலங்க. நோய் தீர்ப்பவள், மழை தருபவள். கிழக்கே மட்டக்களப்பில் அவள் கண்ணகி அம்மன், வைகாசியில் குளிர்த்திச் சடங்கு நடக்கும். பேராதனையில் படித்த கணநாத் ஒபேசேகர இந்த வழிபாட்டைப் பற்றி 1984 இல் ஒரு பெருநூலே வெளியிட்டார்.

மதுரையை எரித்தவளை ஒரு சமூகம் நோய் தீர்ப்பவளாகவும் இன்னொரு சமூகம் குளிர்விக்க வேண்டியவளாகவும் ஏன் ஏற்றது? ஒரு பாத்திரத்தின் எந்தப் பக்கத்தை மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அந்த மக்களின் பயத்தையும் தேவையையும் காட்டும். பேராதனையில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடையேற்றிய ‘இராவணேசன்’ கூத்திலும் இதைக் காணலாம். அதில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. அரக்கன் என்று கேட்டு வளர்ந்த பாத்திரம் அங்கே வீரமும் வீழ்ச்சியும் கொண்ட மனிதனாக நின்றது. இந்தக் கேள்வியைத் தொலைக்காட்சித் தொடருக்கும் போடலாம்: ஊரே வெறுக்கும் மாமியார் பாத்திரம் எந்தப் பயத்திலிருந்து பிறக்கிறது?

கதையிலிருந்து சமூகத்துக்கு

இதே முறை செய்தித்தாளுக்கும் உதவும். 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோது பல தலைப்புகளில் ‘தொழிலாளர்’ என்ற ஒரே கூட்டம் மட்டும் இருந்தது. அதன்பின் கிலோ இலக்கு உயர்த்தப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. செய்தியை எடுத்துக்கொண்டு கேளுங்கள்: உயர்ந்த இலக்கை எட்ட முடியாத ஐம்பது வயதுப் பெண்ணுக்கு என்ன வழி? பேர் பதியாத இளைஞனுக்கு? கொழும்பில் கடை வேலைக்குப் போன மகனுக்கு? பல லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதம் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வருகிறது. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்தபின் கைக்கு வந்தால், அந்த இளைஞனைப் ‘பொறுப்பில்லாதவன்’ என்று எழுதுவது யார்?

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று: சமூகம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) சமூகத்தின் வழியே நாவலை வாசிக்க நமக்குக் கற்றுத்தந்தது. அந்தக் கடனை நான் மறக்கமாட்டேன். ஆனால் அதைப் பின்பற்றிய சிலர் எல்லாப் பாத்திரங்களையும் வர்க்கத்தின் பிரதிநிதிகளாகச் சுருக்கிவிட்டார்கள். மு. தளையசிங்கம் ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யில் முற்போக்கு விமர்சனத்தோடு மோதியதையும் சேர்த்து வாசியுங்கள். ஒரே லயத்தில், ஒரே கூலியில், ஒரே நாளில் இரண்டு பெண்கள் இரண்டு விதமாக நடப்பார்கள். வழிகளை எண்ணி முடித்த பிறகும் மிஞ்சி நிற்கும் அந்த வித்தியாசம்தான் பாத்திரம். அதை விளக்க முடியாவிட்டால் ‘விளக்க முடியவில்லை’ என்றே எழுதுங்கள். நல்ல விடையில் அதற்கும் இடமுண்டு.

மற்றது: உயிரோடு இருப்பவர்கள் கதாபாத்திரங்கள் அல்லர். ஹந்தானைத் தோட்டத்துக்கு மாணவரை அழைத்துப் போகிறீர்களானால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அனுமதியோடு போங்கள். இஸ்தோப்பில் உட்காரச் சொன்னால் மட்டும் உட்காருங்கள். படம் எடுக்காதீர்கள். குறிப்பேட்டில் பெயர் எழுதாதீர்கள். ‘உங்க கஷ்டத்தச் சொல்லுங்க’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி எதிரே இருப்பவரைக் கஷ்டத்தின் உருவமாக மாற்றிவிடுகிறது. வாசித்த கதையைச் சொல்லி, ‘இது சரியா எழுதியிருக்கா?’ என்று கேளுங்கள். அவர்களும் வாசகர்கள் ஆகிவிடுவார்கள். நிறுவையைப் பற்றியும் பேரைப் பற்றியும் கதாசிரியர் தவறவிட்டதைத் திருத்தவும் கூடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் ‘மீன்கள்’, அடுத்து ‘துன்பக்கேணி’, பிறகு என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதி, அதன்பின் ‘வீடற்றவன்’. ஈழத்து நூல்கள் பலவற்றை ‘நூலகம்’ இணைய நூலகத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். ஐந்தாறு பேராகச் சேருங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் ஓரத்தில் கோடு போடட்டும். வாசித்து முடித்த அன்றே, அடைமொழி ஒன்றுகூட இல்லாமல், அந்தப் பாத்திரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்.